ஸ்கேன் எடுத்தால் போதாதா? அறுக்காமல் இறப்பின் காரணத்தைச் சொல்ல முடியுமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய சித்தப்பாவுக்கு 41 வயது. இரவு தண்ணீர் பாய்ச்சப் போனவர், காலையில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இறந்து கிடந்தார். உடலில் பெரிய காயம் எதுவும் இல்லை. போலீசார் வழக்குப் பதிந்து உடலை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "என் பிள்ளையை அறுக்க விடமாட்டேன்" என்று அப்பத்தா கதறியிருக்கிறார். பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை எரித்துவிட்டார்கள்; உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை. "டெல்லியில் அறுக்காமலே ஸ்கேன் எடுத்துக் காரணம் சொல்கிறார்களாமே, இங்கேயும் அப்படிச் செய்திருக்கக் கூடாதா?" என்கிறார்.

தென் மாவட்டங்களில் தடயவியல் மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்கு ஸ்கேன் மட்டும் எடுத்திருந்தால், அவர் ஏன் இறந்தார் என்பது தெரியாமலே போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பத்தாவின் வேதனையைச் சிறிதாக எண்ணி இதைச் சொல்லவில்லை. ஸ்கேனால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பது தெரிந்தால் நீங்களே இந்த முடிவுக்கு வருவீர்கள்.

முதலில் டெல்லி விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். எய்ம்ஸ் மருத்துவமனையில் 2021-இல் மெய்நிகர் உடற்கூறாய்வுக்கென்று, அதாவது உடலை அறுக்காமல் ஸ்கேன் படங்களால் ஆராய்வதற்கென்று, தனி மையம் தொடங்கினார்கள். இந்த முறை வளர்ந்தது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். 1990-களின் இறுதியில் அங்கிருந்த தடயவியல் மருத்துவர்களும் கதிரியக்க மருத்துவர்களும் சேர்ந்து இறந்த உடல்களை சிடி, எம்ஆர்ஐ இயந்திரங்களில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலும் சில பகுதிகளில், சந்தேகத்துக்கு இடமில்லாத மரணங்களில் குடும்பத்தார் கேட்டால் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். மதச் சடங்குப்படி உடலைச் சிதைக்காமல் விரைவில் அடக்கம் செய்ய விரும்பும் யூத, முஸ்லிம் குடும்பங்களின் வேண்டுகோள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் நெல்பேட்டையிலும் காஜிமார் தெருவிலும் இருந்து வரும் குடும்பங்கள் பிணவறை வாசலில் நின்று கேட்பதும் இதைத்தான். நியாயமான வேண்டுகோள். இறந்தவருக்கு மரியாதை செய்ய நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

சிடி ஸ்கேன் சிறப்பாகக் காட்டும் இடங்கள் உண்டு. நான்கு வழிச் சாலையில் லாரி மோதி இறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல், முகத்தின் சிறு எலும்புகள், கழுத்து முள்ளெலும்பு, இடுப்பெலும்பு என்று எல்லாவற்றையும் சில நிமிடங்களில் முப்பரிமாணப் படமாகக் காட்டிவிடும். வழக்கமான பிரேதப் பரிசோதனையில் முகத்தையும் முதுகெலும்பையும் நாங்கள் முழுதாகத் திறந்து பார்ப்பதில்லை. அங்கே சிடி எங்களை விடத் துல்லியமானது. அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ மாடு குத்தி நெஞ்சில் கொம்பு இறங்கிய ஒருவருக்கு, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருப்பதையும் நெஞ்சறையில் ரத்தம் தேங்கியிருப்பதையும் அது காட்டும். காற்று விஷயத்தில் கத்தியை விட ஸ்கேன் மேல். நெஞ்சைத் திறந்த கணத்திலேயே அந்தக் காற்று வெளியேறிவிடுமே. விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலை வெடி விபத்துகளில் உடலுக்குள் புதைந்த உலோகத் துண்டு, துப்பாக்கிச் சூட்டில் குண்டு தங்கிய இடம், மூளைக்குள் ரத்தக் கசிவு, இதயத்தைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் நிறைந்திருப்பது ஆகியவையும் படத்தில் பளிச்சென்று தெரியும். இறந்தவருக்குக் கதிர்வீச்சால் இனிக் கெடுதல் இல்லை என்பதால், உயிரோடிருப்பவருக்குத் துணியாத அளவு கதிரைச் செலுத்தி மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுக்கவும் முடியும்.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, கசிந்திருக்கிறது, அல்லது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. ஸ்கேன் வடிவத்தைப் பார்க்கும் கருவி. உயிரைப் பறித்தது வடிவத்தை மாற்றியிருந்தால் கண்டுபிடிக்கும். வடிவத்தைத் தொடாமல் பறித்துப் போயிருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் "சந்தேக மரணம்" என்று பிணவறைக்கு வருபவற்றில் இரண்டாம் வகை நிறைய.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம், உங்கள் சித்தப்பா கிடந்த இடம் மோட்டார் அறை என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். மின்சாரம் பாய்ந்து இதயத் துடிப்பு குலைந்து இறந்தவரின் இதயம் ஸ்கேனில் வழக்கமான இதயம். மூளை வழக்கமான மூளை. சாட்சி சொல்லக் கூடியது தோல் மட்டுமே. பிணவறை மேசையில் நாங்கள் உள்ளங்கையை விரித்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். வெளிறிய சிறு பள்ளம், அதைச் சுற்றி லேசாக மேடிட்ட விளிம்பு. மிளகு அளவுகூட இருக்காது. வயல் வேலை செய்தவரின் காய்த்த கையில் அதைத் தேடி எடுப்பது பொறுமை கேட்கும் காரியம். கிடைத்தால் அந்தத் தோல் துண்டை எடுத்து நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவோம். நனைந்த கையோடு தொட்டிருந்தால் இந்தத் தழும்பும் இல்லாமல் போகலாம். அப்போது போலீசார் சம்பவ இடத்தில் என்ன பார்த்தார்கள், கம்பி எங்கே அறுந்து கிடந்தது, மலையடிவாரத் தோட்டமென்றால் காட்டுப்பன்றிக்கு யாராவது மின்வேலி போட்டிருந்தார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் காரணத்தைத் தீர்மானிக்கும்.

பாம்புக்கடியும் அப்படியே. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் என்றால் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கம் இருக்கும். கட்டுவிரியன் அப்படியில்லை. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் பட்ட தடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, வீக்கமும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, கண் இமை இறங்குதல், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழப்பு. வீட்டில் உள்ளவர்கள் மாரடைப்பு என்றே நினைப்பார்கள். இந்த உடலை ஸ்கேன் செய்தால் நுரையீரலில் கொஞ்சம் நீர் கோத்திருப்பது தெரியலாம். எத்தனையோ விதமான சாவுகளில் அதே நீர் கோத்திருக்கும்.

விஷம் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பூச்சிமருந்தானாலும் அரளியானாலும் எந்த ஸ்கேனும் பெயர் சொல்லாது. இரைப்பையில் மாத்திரைகள் கரையாமல் கிடந்தால் சில நேரம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அது என்ன மாத்திரை என்று தெரியாது. மேசையில் இரைப்பையைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் பூண்டும் கலந்தது போன்ற வாடை எழுந்தால் பூச்சிமருந்தாக இருக்கலாம் என்று எங்களுக்கு அந்தக் கணமே சந்தேகம் வந்துவிடும். படத்துக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. உறுதி செய்ய வேண்டியது ரசாயனப் பரிசோதனை. இரைப்பையும் அதில் இருந்ததும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல் துண்டு, இரு சிறுநீரகங்களிலும் பாதி ஆகியவற்றை உப்பு கரைத்த நீரில் போட்டு, ரத்தத்தைத் தனிக் குப்பியில் எடுத்து, முத்திரையிட்டு மதுரையில் உள்ள வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்களே, அது இதற்காகத்தான். உங்கள் குடும்பம் இப்போது காத்திருக்கும் அறிக்கையும் அதுவே.

அடுத்தது மாரடைப்பு. 41 வயதில் திடீரென்று இறந்தவர் என்றால் இதை ஒதுக்கவே முடியாது. சாதாரண சிடி ஸ்கேனில் இதய ரத்தக் குழாயில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் தெரியும். இளம் வயதில் அடைப்பு பெரும்பாலும் மென்மையான கொழுப்பாகவே இருக்கும், சுண்ணாம்பாக இறுகியிருக்காது. அது படத்தில் தெரியாது. உயிரோடிருப்பவருக்கு என்றால் கையில் மருந்து ஏற்றி ஆஞ்சியோ எடுக்கலாம். இறந்தவருக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால், கையில் ஏற்றிய மருந்து ஏற்றிய இடத்திலேயே நிற்கும். குழாய் செருகி மருந்தை இதயக் குழாய்களுக்கே கொண்டு சேர்க்க வேண்டும். அதற்குத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். நாங்கள் இதயத்தைக் கையில் எடுத்து, ரத்தக் குழாயை மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் குறுக்கே வெட்டிக்கொண்டே போவோம். அடைப்பு கண்ணெதிரே வரும். அடைப்பு இருந்தது என்பதாலேயே அதுதான் கொன்றது என்றும் சொல்லிவிட முடியாது; அறுபது வயதைத் தாண்டிய பலர் அடைப்போடு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை எண்களால் பார்க்க வேண்டுமானால், 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு இருக்கிறது. 182 உடல்களுக்கு முதலில் சிடி, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்துக் கதிரியக்க மருத்துவர்களிடம் காரணம் கேட்டார்கள். பிறகு முழு உடற்கூறாய்வு. சிடி பார்த்துச் சொன்ன காரணத்துக்கும் உடற்கூறாய்வில் கண்ட காரணத்துக்கும் இடையே 32 விழுக்காடு உடல்களில் பெரிய வேறுபாடு இருந்தது. எம்ஆர்ஐயில் 43 விழுக்காடு. அதிகம் பிசகிய இடங்கள் இதய ரத்தக் குழாய் நோய், நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்தல், நிமோனியா, வயிற்றுக்குள் இருக்கும் நோய்கள். எல்லாம் அன்றாடம் உயிரைக் கொண்டுபோகும் காரணங்கள். அதே இதழில் 2017-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் குழு வெளியிட்ட ஆய்வில், இதய ரத்தக் குழாய்க்கு மருந்து செலுத்திச் சிடி எடுத்தபோது 210 பேரில் 92 விழுக்காட்டினருக்குக் காரணம் சொல்ல முடிந்தது. பெரிய முன்னேற்றம், மனமார வரவேற்கிறேன். ஆனால் அது கொலைச் சந்தேகம் இல்லாத மரணங்களில், பயிற்சி பெற்ற குழு, அதற்கென்றே இருந்த கருவியோடு செய்தது. அந்த எண்ணை எடுத்து வந்து நம் ஊரில் தோட்டத்தில் கிடந்த உடலுக்குப் பொருத்துவது சரியாகாது.

படத்தைப் படிப்பதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. உயிரோடிருப்பவரின் ஸ்கேனைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இறந்த உடல் பொய் சொல்லும். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கும். மல்லாந்து கிடந்த உடலின் நுரையீரல் பின்பகுதி வெண்மையாகி நிமோனியா போலத் தெரியும். அழுகல் தொடங்கும்போது ரத்தக் குழாய்களில் வாயு உண்டாகும். நாளத்தில் காற்று புகுந்து இறந்தார் என்று யாராவது எழுதிவிடலாம். மதுரைச் சித்திரை வெயிலில் திறந்த வெளியில் கிடந்த உடலுக்கு இது ஒரு நாள்கூடப் பிடிக்காது. இறந்த பிறகு இதயத்துக்குள் உறையும் ரத்தமும், உயிரோடிருக்கும்போதே நுரையீரலை அடைத்துக் கொன்ற ரத்தக் கட்டியும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கையில் எடுத்தால் குழப்பமில்லை: முன்னது வழவழப்பாக, ஈரமாக, இழுத்தால் குழாயிலிருந்து நழுவி வரும், பின்னது வறண்டு, உடையும் தன்மையோடு, குழாய்ச் சுவரில் ஒட்டியும் இருக்கலாம். ஆம்புலன்சில் நெஞ்சை அழுத்தியதால் முறிந்த விலா எலும்பு அடிபட்டு முறிந்ததாகத் தோன்றும். எம்ஆர்ஐக்கு இன்னொரு தொல்லை: குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடலின் வெப்பநிலை குறைவு, அதனால் படத்தின் சாயலே மாறிவிடும்.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்டிஓ) விசாரணை நடக்கிறது. தூக்கு என்று சொல்லிக் கொண்டுவரப்படும் உடல்களில் சில, கழுத்தை நெரித்துப் பிறகு தொங்கவிடப்பட்டவையாக இருக்கலாம். நாக்கின் அடியில், கழுத்தின் மேற்பகுதியில் இருக்கும் நாவடி எலும்பு முறிந்திருந்தால் சிடி காட்டும். இருபது, இருபத்தைந்து வயதில் அந்த எலும்பு வளைந்து கொடுக்கும், முறியாது. கழுத்துத் தசைகளுக்குள் கசிந்த ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் தலையையும் நெஞ்சையும் திறந்து கழுத்திலிருந்து ரத்தத்தை வடியவிட்டு, அதன்பின் தசையை ஒவ்வோர் அடுக்காக உரித்துப் பார்ப்போம். நேரம் பிடிக்கும் வேலை. அந்தப் பெண்ணுக்காகப் பேச வேறு யாரும் இல்லாத நிலையில், இந்த ஒரு மணி நேரத்தை ஒரு படம் போதும் என்று மிச்சம் பிடிக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

காவல் நிலைய மரணங்களில் ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எதற்கு உதவும் என்பதற்கு நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் தந்த ஓர் உத்தரவில், காவலில் இறந்தவரின் உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோவில் பதிய வேண்டும் என்று கூறியது. கவனியுங்கள், எக்ஸ்ரே எடு, பிறகு பிரேதப் பரிசோதனையும் செய். படத்துக்கு உரிய இடம் அதுவே என்பது என் உறுதியான கருத்து. கத்திக்கு முன்னால் போய், எங்கே பார்க்க வேண்டும் என்று வழிகாட்டட்டும். அழியாத சாட்சியாகக் கோப்பில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்து இன்னொரு மருத்துவர் அதைத் திறந்து பார்த்து எங்கள் அறிக்கை சரியா என்று சொல்லட்டும். ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரிப் பிணவறைக்கும் சொந்தமாக ஒரு சிடி இயந்திரம் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இன்று இருக்கும் இயந்திரங்கள் உயிருக்குப் போராடுபவர்களுக்கே போதவில்லை. அந்த வரிசைக்கு நடுவே இறந்தவரைக் கொண்டுபோக எந்த மருத்துவருக்கும் மனம் ஒப்பாது.

கத்தியும் எல்லாம் அறிந்தது இல்லை. மாரடைப்பு வந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இறந்தவரின் இதயத் தசையில் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில வேளை நுண்ணோக்கியிலும் தெரியாது. கிணற்றில் மிதந்தவர் தவறி விழுந்தாரா, தள்ளிவிடப்பட்டாரா என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே கோளாறு உள்ள சிலர் எந்த அடையாளமும் விட்டுவைக்காமல் போய்விடுகிறார்கள். எல்லாம் பார்த்த பிறகும் "காரணம் கண்டறிய இயலவில்லை" என்று எழுத வேண்டி வருவது உண்டு. ஆனால் அந்த வரிக்கும், ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அதனால் இயற்கை மரணம் என்று முடித்துவிடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னது தேடிவிட்டுச் சொல்வது.

உங்கள் அப்பத்தாவிடம் இதைச் சொல்லுங்கள்: முகத்தில் கத்தி படுவதில்லை. தலையில் காதுக்குக் காது மேலாக, முடி மறைக்கும் இடத்தில் கீறுவார்கள். பரிசோதனைக்கு அனுப்பும் பகுதிகள் தவிர மற்ற உறுப்புகளைத் திரும்ப உள்ளே வைத்துத் தைத்து, கழுவித்தான் கொடுக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் தையலில் அலட்சியம் இருந்தால், துணியில் சுற்றிய விதத்தில் மரியாதை குறைந்திருந்தால், குடும்பத்தார் கோபப்படுவது முழுக்க நியாயம். அந்தக் கோபம் செய்த விதத்தின் மீது இருக்கட்டும். செய்ததன் மீது வேண்டாம். இறப்பின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலை அரசு மருத்துவரின் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194-ஆம் பிரிவு. குடும்பத்தின் சம்மதத்தைப் பொறுத்தது இல்லை என்பதால், உங்களில் யாரும் "நாம்தான் விட்டுவிட்டோமோ" என்று மனம் வருந்தத் தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியது இரண்டு. உடலை எரித்துவிட்டதால் மீண்டும் பார்க்க வழியில்லை. ஆய்வகத்தில் இருக்கும் குப்பிகளும், நுண்ணோக்கிக்கு எடுத்த திசுத் துண்டுகளும் மட்டுமே மிச்சம். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் "கருத்து நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று இருக்கும். ஆய்வக அறிக்கை வந்ததும் அது பரிசோதித்த மருத்துவரின் கைக்குப் போய், அவர் இறுதிக் கருத்தை எழுதித் தர வேண்டும். பல வழக்குகள் இந்த இடைவெளியில் கிடந்து விடுகின்றன. அறிக்கை காவல் நிலையத்துக்கு வந்திருக்கும், மருத்துவருக்குப் போயிருக்காது. வழக்கு எண்ணையும் பிரேதப் பரிசோதனை எண்ணையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், "அறிக்கை வந்ததா, இறுதிக் கருத்துக்கு அனுப்பினீர்களா" என்று கேளுங்கள். தோலில் மின்சாரத் தழும்புக்காகத் திசு எடுத்தார்களா என்பதையும் விசாரியுங்கள். மின்விபத்து, பாம்புக்கடி என்று முடிவானால் சித்தியும் பிள்ளைகளும் இழப்பீடு கேட்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

இரண்டாவது, விஷம் இல்லை, மின்சாரம் இல்லை, இதயத்தில் அடைப்பும் இல்லை என்று அறிக்கைகள் வந்தால், அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். உங்கள் அப்பா, மற்ற சித்தப்பா, அத்தை, சித்தப்பாவின் பிள்ளைகள் அனைவரையும் இதய மருத்துவரிடம் அழைத்துப் போய், 41 வயதில் காரணம் தெரியாத திடீர் மரணம் குடும்பத்தில் நடந்திருக்கிறது என்று சொல்லி ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். அப்படிக் கண்டுபிடிக்கப்படும் துடிப்புக் கோளாறுகள் பலவற்றுக்கு மருந்தும் கருவியும் இருக்கின்றன.